எந்தப் பாதி

மக்கோ ஊரில், நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
என் மேசை.
ஜன்னலைத் திறந்தால் ஆகஸ்டில் வெங்காயம் மணக்கும்,
பிப்ரவரியில் கரிப்புகை.
பதினேழு வருடமாக ஒரே படிவம் நிரப்புகிறேன்.
ஆறாம் வரியில் இரண்டு கட்டங்கள்:
முழு அநாதை. அரை அநாதை.
முழுசுக்கு இரண்டு பங்கு பணம், அரைக்கு ஒன்று.
அதற்குமேல் அந்தச் சொல்லை யோசித்ததில்லை.
தராசு பிடிப்பவன் வெங்காயத்தை யோசிப்பானா?

எங்கள் ஹங்கேரிய மொழியில் அது மலிவான சொல்.
பை காலியென்றால்
ஓர் அநாதைக் காசுகூட இல்லை என்போம்.
தெரு வெறிச்சென்றிருந்தால்
ஓர் அநாதை உயிர்கூட இல்லை.
வேலியோரம் சுணையில்லாமல் முளைக்கும் செடிக்கு
அநாதைக் காஞ்சொறி என்று பெயர்;
தொட்டவனைக் கடிக்கத் தெரியாதது,
யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம்.
புல்வெளியில் வெள்ளிச்சரமாய் ஆடும் புல்
அநாதைப்பெண் கூந்தல்.
அதைப் பறித்துத் தொப்பியில் செருகிக்கொண்டு
ஆண்கள் திருவிழாவுக்குப் போவார்கள்.
என் கணவரும் போனார், கல்யாணத்துக்கு முந்தின வருடம்.
அழகாகத்தான் இருந்தது.
இப்போது பறித்தால் அபராதம்.

மார்ச்சில் பொரோக்கா வந்தாள். எட்டு வயது.
சித்தி கூட்டி வந்திருந்தாள்.
தாய்: இறப்புச் சான்றிதழ், மூன்று பிரதி.
தகப்பன்: லாரி ஓட்டுகிறேன் என்று லின்ட்ஸ் போனவன்,
நான்கு வருடமாகப் பேச்சுமூச்சில்லை.
சட்டப்படி, காணாமல் போனவன் செத்தவன் அல்ல.
அரை என்பதில் குறியிட்டேன்.
எழுத்துக்கூட்டிப் படித்தாள், தலைகீழாகவே.
பிறகு கேட்டாள்:
எந்தப் பாதி?

வாயை மூடு என்றாள் சித்தி.
நான் விளக்கினேன்: அப்பா உயிரோடு இருக்கிறார், ஆகவே...
அவள் கேட்கவில்லை.
தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.
இடதில் கம்பளி உறை. வலதின் உறை எங்கோ தொலைந்திருந்தது.
இதுவா, என்றாள்,
வெறுங்கையை லேசாகத் தூக்கி.

அதே வாரம், வியாழக்கிழமை,
வெங்காயக்காரர் லோரின்ட்ஸ்.
அறுபத்துமூன்று வயது, காதோரம் முழுக்க மண்.
போன வாரம் அம்மா போய்விட்டாளாம், தொண்ணூற்றொன்றில்.
அநாதைப் படிவம் ஒன்று கொடுங்கள் என்றார்.
இருபத்தைந்தோடு சரி, ஐயா, என்றேன்.
இருபத்தைந்தில் அந்தச் சொல் கெட்டுவிடுகிறது,
பால் மாதிரி.
பணம் வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும்.
ஊரில் சிரிக்கிறார்கள்,
பேரன் எடுத்தவன் அநாதையாம் என்று.

வெளியே வரிசை நின்றது.
அவர் எழுந்திருக்கவில்லை.
தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு
ஓர் அநாதைச் சொல்கூடப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.
ஆயிரம் முறை நான் சொல்லியிருக்கும் வாக்கியம்.
அன்றுதான் அதைப் பார்த்தேன்:
முன்னால் யாருமில்லாமல், பின்னால் யாருமில்லாமல்
உதட்டருகே வந்து நிற்கும் ஒரு சொல்,
அதற்கும் கதவு திறக்கவில்லை.

மை கொட்டி வீணான படிவம் ஒன்று இழுப்பறையில் கிடந்தது.
அவர் பெயரை எழுதினேன்.
முழு.
முத்திரையும் குத்தினேன்; தெரிந்தால் வேலை போகும்.
நான்காக மடித்து
மருந்துச்சீட்டு வைக்கும் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பொரோக்காவின் கோப்பு மே மாதம் திரும்பி வந்தது.
தகப்பன் முகவரி தேவை.
தெரியவில்லை என்று எழுதினேன்.
மறுபடி வந்தது. மறுபடி எழுதினேன்.

என் அப்பா போய்ப் பதினொரு வருடம்.
படிவப்படி நான் எதுவுமில்லை.
அம்மா ஞாயிறுதோறும் ஏழு மணிக்கு அழைப்பாள்;
பாத்திரம் கழுவி முடித்து நானே கூப்பிடுவேன், வழக்கமாக.
அந்த ஞாயிறு முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.
பயந்துபோனாள்.
என்னடி, என்ன ஆச்சு?
ஒன்றுமில்லை என்றேன்.
சோப்புக் கையோடு நின்றிருந்தேன்.
சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது,
பிறகு அவள்
வெங்காய விலை சொல்லத் தொடங்கினாள்.